வீரையா கொண்டுவந்த கூடு

எல்லாம் என் அவசரத்தால் வந்த வினை என்று எனக்கு நானே சொல்லித் தப்பப் பார்க்கிறேன். தப்ப முடியவில்லை.

அது இரண்டாயிரத்து எட்டு, யுத்த காலம். தெல்தோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் கண்டியிலுள்ள வீட்டுக்குப் போவேன். கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய லெப்டொப்பின் பெட்டரி செத்துப்போனது. பஜாரில் ரேடியோ திருத்தும் வீரையாவிடம் கொடுத்தேன். இப்படிச் செத்த பெட்டரிகளைப் பிரித்து, மிஞ்சும் நல்ல செல்களை வைத்து தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் படிக்க விளக்குச் செய்துகொடுக்கிற மனிதர்.

பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தார். உள்ளே விரலை விடத் தடிப்பாய் ஆறு உருளைச் செல்கள்.

"ஆறுல ரெண்டுதான் சார் போச்சு. கண்டியில ரெண்டு வாங்கிப் போட்டா புதுசு மாதிரி ஓடும். அடுத்த வாரம் போறேன்."

"அடுத்த கிழமையோ? இண்டைக்கே வாங்கோ, நானும் போறன்" என்று நச்சரித்தேன். பாவம், கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

கண்டிக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்கு நான்கு பேர் முன்னால் வீரையா. அவருடைய பையிலிருந்து வயரோடு ஒட்டிய ஆறு செல்கள் வெளியே வந்ததும் குண்டு என்று பொலிஸ்காரர் சத்தம் போட்டார். துவக்கோடு இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

வீரையா பதறவில்லை. கம்பியூட்டர் பெட்டரி என்று சிங்களத்தில் விளக்கினார். "அந்தா நிக்கிற சாரோடது" என்று என்னைக் காட்டினார்.

என் சட்டைப்பையில் அடையாள அட்டை. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். அதிகாரி என்னிடம் வந்து, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன். சிங்களத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

வீரையா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியிடம், ஆள் மாறிப்போச்சு, இவர் இல்லை என்றார். அவரை நிறுத்திக்கொண்டு, என் அட்டையைப் பார்க்காமலே பஸ்ஸை விட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் அவருடைய குடை கிடந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். வெட்கம் கெட்டவன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். குடையையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். கையில் எடுக்கவே கூசியது.

ஐந்தாம் நாள் பாடசாலைக்கு வந்தார். ஈயம் பற்றவைக்கிற வலது கையில் கட்டு. இடது கையால் ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். பிரித்தேன். பெட்டரியின் வெறுங்கூடு.

"நல்ல வேளை சார், நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க. ஒங்க ஊரு பேரைப் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "செல்லு ஆறையும் அவங்களே வச்சுக்கிட்டாங்க. ஒங்க சாமானத் தொலைச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க சார்."

மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது.

"பரவாயில்லை வீரையா" என்று நான் அவரை மன்னித்தேன்.