இடப்பக்கத்து ஸ்டியரிங்

துறைமுக கேட்டுக்கு முன்னால் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றால் மற்ற டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து குறட்டை விடுவார்கள். கிளாட்வின் மட்டும் போனில் கார் செய்வான்.

எல்லாம் அமெரிக்கக் கார். அந்தக் காலத்து நீளக் கார்கள் இன்னும் நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தால் எப்படியிருக்கும் என்று ஏஐயிடம் கேட்பான். பின்பக்கம் சுறாத் துடுப்பு, முகம் தெரிகிற நிக்கல் பம்பர், சக்கரமே இல்லாமல் உப்பளத்துக்கு மேலே மிதந்து போகிற சிவப்பு வண்டி. கேட்டதும் படமாக வந்து நிற்கும்.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க” என்று பின்வண்டி சிவனாண்டி கேலி செய்வான். கிளாட்வினுக்குத் தாசில் ஆசை ஏது? ஹூஸ்டனில் நர்ஸாக இருக்கும் பொண்டாட்டி பிளாரன்ஸிடம் தினம் ஒரு வார்த்தை பேச அவனுக்குச் சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

போன புதிதில் அவள் இவனையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். பொண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிற ஆம்பிளை நானில்லை என்று வீராப்பு பேசினான். வீராப்பு சோறு வடிக்குமா? இப்போது ஒற்றை ஆளுக்கு அவனேதான் வடிக்கிறான். படம் அனுப்பினால் முதலில் ‘சூப்பர்’ வரும். பிறகு கட்டைவிரல் வந்தது. இப்போது வெறும் நீல டிக். அதைப் பார்க்கும்போதெல்லாம் வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல இருக்கும் அவனுக்கு.

கிறிஸ்துமஸுக்கு வருவாளா என்று நேராகக் கேட்கப் பயம். மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதனால் படத்தை விட்டுத் தூது போகச் சொன்னான். இருவர் போட்டோவையும் கொடுத்து, ‘காருக்குள் புருஷன் வலப்பக்கம், பொண்டாட்டி இடப்பக்கம்’ என்று எழுதினான். நம்மூரில் ஓட்டுகிறவன் வலப்பக்கம்தானே. வந்த படத்தில் பிளாரன்ஸின் சிரிப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ‘கிறிஸ்துமஸுக்கு இப்படிப் போவோமா?’ என்று கேட்டு அனுப்பிவிட்டான்.

உடனே போன் அடித்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளாகக் கூப்பிடுகிறாள்.

“ஏங்க, என்னைய டிரைவர் சீட்டுல உக்கார வச்சிருக்கிய! அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடதுபக்கம்லா?” விழுந்து விழுந்து சிரித்தாள்.

நிஜம்தான். படத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது அவள். பக்கத்தில் இவன், கோயிலில் பிரசங்கம் கேட்கிறவன் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவள் சிரிப்பைக் கேட்டு அவனுக்கும் சிரிப்பு வந்தது.

“மாத்தி அனுப்புதேன். உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?”

“தெரியும்லா. கார் வாங்கி ரெண்டு மாசமாச்சு. டியூட்டிக்கு நானேதான் ஓட்டிட்டுப் போறேன்.”

“நீ சொல்லவேயில்லையே.”

“சொல்லணும்னு தோணலைங்க.”

சண்டையில் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

“கிறிஸ்துமஸுக்கு?”

“லீவு கேக்கலைங்க.”

கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை, கேட்கவில்லை என்றாள். முன்வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் சிவனாண்டி ஹாரனை அமுக்கினான். கிளாட்வின் வண்டியை எடுக்கவில்லை.

“அப்போ நான் அங்கன வரட்டுமா?”



“இங்கன வந்து நீங்க என்ன செய்வீய?” என்று மெதுவாகக் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

“ஒண்ணும் செய்யமாட்டேன். பக்கத்துல உக்காந்து வாரேன்.”

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்றாள் பிளாரன்ஸ்.