ஒரு நூல் கூடுதல்

1979 ஜனவரியில் சௌந்திரத்தின் முன் மூன்று வகைச் சக்கரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளப் பத்து நாள்கள் இருந்தன.

வண்டி, 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிவப்பு எம்.ஜி. கார்; இரண்டே இருக்கைகள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றது. நாமக்கல்லில் ஆறு லாரிகள் வைத்திருந்த அவள் கணவன் மயில்சாமி, அழகுக்காக அதை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினான். அதை ஓட்டக் கற்றவள் அவள்தான். சேலத்து மோட்டார் சங்கத்தார் ஆண்டுதோறும் நடத்திய மலையேற்றப் போட்டியில், அடிவாரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டரும் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட பாதையில், சென்ற ஆண்டு நான்காவதாக வந்தாள். மூன்றாவது வந்தவர் அவளைவிடப் பதினொரு விநாடி முந்தியிருந்தார்.

அன்று வீடு திரும்பியதும், மாமனார் அப்புசாமிக்குச் சோறு பரிமாறியபடியே, அடுத்த ஆண்டு, முதல் மூவரில் ஒருத்தியாக வராவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாகச் சொன்னாள். அப்படிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அப்புசாமி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் அவர் காதில் விழுந்த சொல்லைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை.

போட்டி விதிப்படி எஞ்சினில் கைவைக்கக் கூடாது. குறைக்கக்கூடியது எடை ஒன்றுதான். அயல்நாட்டு மோட்டார் இதழ் ஒன்றை அகராதியின் துணையோடு படித்து அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தாள். இருக்கையில் இருக்கும் ஒரு கிலோவும் சக்கரத்தில் இருக்கும் ஒரு கிலோவும் சமமல்ல. முன்னதை வண்டி சுமந்தால் போதும், பின்னதைச் சுமக்கவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். சென்ற ஆண்டு தான் நேரத்தை இழந்தது வளைவுகளில் அல்ல, வளைவை விட்டு வெளியேறி மறுபடி வேகமெடுத்த இடங்களில் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

முதல் வகை, வண்டியோடு வந்த இரும்புச் சக்கரங்கள். இரண்டாவது, மயில்சாமியின் பெரியப்பா மகன் கந்தவேல் சென்னையிலிருந்து தருவித்தவை. சேலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்த அவன், கம்பிகள் பின்னிய வெள்ளிப் பளபளப்புச் சக்கரங்கள் நான்கைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த தன் வீட்டிலிருந்து நேரே கொண்டுவந்து இறக்கினான். பார்த்தவர் எல்லாருக்கும் பிடித்தது. சைக்கிள் சக்கரம் போலக் காற்றுப் புகும் அந்தப் பின்னலைக் கண்டு, இதைவிட லேசாக வேறென்ன இருக்க முடியும் என்று மயில்சாமியே கேட்டான்.

அவள் சக்கரத்தை வீட்டை ஒட்டிய பருத்திக் கிட்டங்கிக்கு எடுத்துச் சென்றாள். அங்கே உத்தரத்தில் பெரிய தராசு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் இரும்புச் சக்கரத்தையும், மறு தட்டில் கம்பிச் சக்கரத்தையும், அதை அச்சில் பூட்டுவதற்கான தனிக் குடத்தையும் வைத்தாள். கம்பிச் சக்கரத் தட்டு கீழே இறங்கியது.

"தராசு பருத்திக்குப் பழகினது அம்மிணி. இரும்ப நிறுக்க அதுக்குத் தெரியாது" என்றான் கந்தவேல்.

மயில்சாமி சிரித்தான். கந்தவேலும் சேர்ந்து சிரித்தான். ஆனால் சக்கரங்களைத் திரும்ப எடுத்துச் செல்லவில்லை.

மூன்றாவது வகை அடுத்த நாள் வந்தது. பரமத்தி சாலையில் பட்டறை வைத்திருந்த பச்சமுத்துவிடம், தானே வரைந்த படம் ஒன்றைக் கொடுத்து அலுமினியச் சக்கரங்கள் வார்க்கச் சொல்லியிருந்தாள். ஐம்பதைக் கடந்த அவர், முப்பது ஆண்டுகளாக லாரிகளுக்குக் கூண்டு கட்டியும் பாகங்கள் வார்த்தும் வந்தவர். பழைய பிஸ்டன்களை உருக்கி மூன்று வாரத்தில் வார்த்த நான்கு சக்கரங்களையும் சாக்குப் போட்டு மூடி லாரியில் தாமே கொண்டுவந்தார். பளபளப்பு இல்லை. ஆயினும் எட்டு ஆரங்களும் குடத்திலிருந்து விளிம்புக்குச் சென்று சேரும் வளைவைச் சௌந்திரம் விரலால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்திலும் விரல் தடுக்கவில்லை.

தராசில் வைத்தபோது அலுமினியத் தட்டு மேலே எழும்பும் என்று எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள். அது இரண்டு விரற்கடை எழும்பி நின்றுவிட்டது. எடைக்கற்களை வைத்து நிறுத்தார்கள். இரும்பு எட்டரைக் கிலோ. படத்தின்படி ஐந்தரை இருக்க வேண்டிய அலுமினியம் எட்டுக் கிலோ.

பச்சமுத்தண்ணன் சக்கரம் வார்க்கவில்லை, அண்டா வார்த்திருக்கிறார் என்றான் கந்தவேல். யாரும் சிரிக்கவில்லை.

சௌந்திரம் அளவுக் கருவியை எடுத்து விளிம்பின் தடிப்பைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். படத்தில் இரண்டு நூல் என்று எழுதியிருந்தாள். கருவி மூன்று நூல் காட்டியது. குடத்திலும் ஆரத்திலும் அவ்வாறே.

"அண்ணா, ரெண்டு நூலுன்னுதானுங்களே எழுதியிருந்தேன்?"

"ஆமாங்க அம்மிணி, ரெண்டுதான் எழுதியிருந்தீங்க. நான் ஒரு நூல் கூட வெச்சனுங்க."

"எதுக்குங்க?"

அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நம்ம ஊடுன்னுதானுங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாமக்கல் பட்டறைகளில், ஒன்பது டன்னுக்கு என்று எழுதிக் கொடுக்கப்படும் லாரி பதினான்கு டன் ஏற்றும் என்பது இரு தரப்பாருக்கும் தெரியும். எழுதுவது மட்டும் ஒன்பது. ஆகவே வேண்டியவர்களுக்குக் கேட்காமலே எல்லா இடத்திலும் ஒரு நூல் கூட்டிவைப்பார்கள். அதற்குக் கூலி கேட்பதில்லை. எழுதியது போலவே செய்து கொடுத்தால் வேண்டாதவராக நடத்தியதாகப் பொருள். முப்பது ஆண்டுகளில் பச்சமுத்து பெற்ற நன்றியெல்லாம் அந்த ஒரு நூலுக்குத்தான். இந்தப் படத்தைக் கையில் வாங்கியதும், இவ்வளவு மெல்லியதாக எழுதும் அளவுக்கு அந்தப் பெண் தம்மை நம்பியிருக்கிறாள் என்று எண்ணி, கூட்ட வேண்டியதைக் கூட்டிவிட்டார்.

மறுபடி வார்க்க நாள் இல்லை. மயில்சாமி, வண்டியை இரும்புச் சக்கரத்திலேயே விடலாம் என்றான். கந்தவேல், பார்வைக்காவது கம்பிச் சக்கரம் இருக்கட்டும் என்றான். சௌந்திரம் சுண்ணக்கட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள்.

சக்கரத்தைத் தரையில் கிடத்தி, கூடுதல் நூலை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று கோடு போட்டாள். போல்ட் துளைகளைச் சுற்றி விட்டுவிட வேண்டும். ஆரங்கள் குடத்தில் ஊன்றும் இடத்திலும் விட்டுவிட வேண்டும். விளிம்பின் சுற்று முழுவதும் எடுத்துவிட வேண்டும். பச்சமுத்து குனிந்து பார்த்தபடியே இருந்தார். தாம் வைத்ததைத் தாமே எடுத்துப் பழக்கமில்லை என்று மட்டும் ஒரு முறை சொன்னார். பிறகு கைநீட்டி, உள்விளிம்பில் அவள் போட்ட கோட்டை அழித்தார்.

"இதுல அரை நூல் இருக்கட்டுமுங்க. தார் ரோட்டு ஓரம் மழையில அரிச்சிருக்குது. திருப்பத்துல சக்கரம் எறங்கி ஏறுனா மொதல்ல அடி வாங்குறது இதுதானுங்க."

அவள் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தாள். மலைப்பாதையின் ஓரம் எப்படி இருக்கிறது என்று அந்த இதழ் எழுதியிருக்கவில்லை. "சரிங்கண்ணா, அரை நூல்" என்று சொல்லிப் படத்திலும் திருத்தி எழுதினாள்.

லாரியின் பிரேக் டிரம் கடையும் பெரிய லேத்தில் வேலை நடந்தது. இரண்டு பகலும் சௌந்திரம் பட்டறையில் ஒரு மரப்பெட்டியின் மேல் அமர்ந்திருந்தாள். உளி முதலில் கனத்த சுருள்களாக உலோகத்தை உரித்தது. கோட்டை நெருங்க நெருங்கச் சுருள் மெலிந்து, கடைசிச் சுற்றுகளில் வெங்காயத் தோல் போல வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின் பச்சமுத்து லேத்தை நிறுத்தி அளந்தார். இரண்டாம் சக்கரத்திலிருந்து அளக்கும் முன்பே அளவைச் சொல்லத் தொடங்கினார். கருவி அவரை ஒரு முறையும் மறுக்கவில்லை. தடிப்பாகச் செய்வதற்கு உலோகம் போதும்; மெல்லியதாகச் செய்வதற்குக் கை வேண்டும். அந்தக் கை முப்பது ஆண்டுகளாக அவரிடம் இருந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வரவில்லை.

நிறுத்தபோது ஒவ்வொன்றும் ஆறு கிலோ இருநூறு கிராம். நான்குக்கும் இடையே வேறுபாடு ஒரு கைப்பிடிக் கடலையின் எடைகூட இல்லை. கந்தவேல் ஒரு சக்கரத்தை ஒற்றைக் கையால் தூக்கினான், தோளுயரத்துக்குக் கொண்டுபோனான், இறக்கிவைத்தான். தன் கம்பிச் சக்கரங்களைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது, அண்டாவைப் பற்றித் தான் சொன்னதை மறந்துவிடும்படி பச்சமுத்துவிடம் கேட்டுக்கொண்டான்.

மயில்சாமி அவற்றைப் பூட்டிய வண்டியில் திருச்செங்கோட்டுச் சாலையில் இரண்டு முறை போய்வந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

போட்டியன்று பச்சமுத்து விடியற்காலைப் பேருந்தில் வந்து ஒன்பதாம் வளைவின் உட்புறத்துப் பாறைமேல் நின்றுகொண்டார். சிவப்பு வண்டி வளைவுக்குள் வந்தபோது அவர் அதன் நிறத்தையோ அதை ஓட்டியவளையோ பார்க்கவில்லை. உள்பக்கப் பின்சக்கரம் தார் ஓரத்தை விட்டு ஒரு சாண் கீழே இறங்கியது. அரித்த விளிம்பில் மோதி மறுபடி ஏறியது. வண்டி தடுமாறாமல் வளைவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தில் சென்ற ஆண்டு முனகிக்கொண்டு நின்ற எஞ்சின், இப்போது தயங்காமல் குரலை உயர்த்திக்கொண்டு பத்தாம் வளைவுக்குப் போயிற்று.

பத்து நிமிடம் பத்தொன்பது விநாடி. நான்காவது வந்தவர் மூன்று விநாடி பின்தங்கியிருந்தார். சங்கத்தார் கரும்பலகையில் மூன்றாவதாகத் தன் பெயரை எழுதுவதைச் சௌந்திரம் நின்று பார்த்தாள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னாள். பிறகு பின்சக்கரத்தருகே குனிந்தாள். உள்விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு தடம். அவ்வளவுதான்.

இறங்கும்போது ஒன்பதாம் வளைவில் வண்டியை நிறுத்திப் பச்சமுத்துவை ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது என்றும், வண்டி வீட்டில்தான் இருக்கும் என்றும் சொன்னாள். அவர் தலையசைத்தார். கீழே சேலத்துச் சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கதவுக்கு வெளியே தலையைச் சாய்த்து, சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தபடியே வந்தார். அடிவாரம் வந்து பாதை நேரானதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி" என்றார்.