கடைசி அலசல் தண்ணீர்

தீபலட்சுமி தண்ணீரைக் கொட்டி அறியாதவள். திருச்சுழிப் பக்கத்து ஊர்க்காரி. அங்கே மேகம் வந்தால் வழி தவறி வந்துவிட்டது என்று அர்த்தம். குடத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தினால் ஊரே துக்கம் விசாரிக்க வரும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் அலசியது முருங்கைக்கு என்று வளர்ந்தவள், அருப்புக்கோட்டையில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கூட்டி வந்துவிட்டாள்.

ஆபரேஷன் கருவிகளைக் கழுவப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து சுமதி சிஸ்டர் வந்திருந்தார். பருந்துகூட அவரிடம் வந்து பார்வை பழக வேண்டும். கண்ணுக்குள் நீர் செலுத்தும் ஊசிக்குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் துளைக்குள் எறும்பு நுழைய வேண்டுமானால் ஒரு மாதம் பட்டினி கிடக்க வேண்டும்.

"நேத்து சாயங்காலம் எப்படிக் கழுவுனீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க தீபா."

தீபலட்சுமி பிரஷ்ஷால் தேய்த்தாள், அலசினாள், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சிரிஞ்சால் குழாய்க்குள் தள்ளினாள். மறுமுனையில் வந்த தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. அதையே உறிஞ்சி அடுத்த குழாய்க்குள் தள்ளினாள்.

"இந்தத் தண்ணி எத்தனை செட்டுக்கு?"

"எட்டுக்கும் இதான் சிஸ்டர். பளிங்கு மாதிரி இருக்கத எப்படிக் கொட்டுறது? பெறகு ஆட்டோகிளேவ்ல வேற வேக வைக்கோம்ல?"

சுமதி அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு விளக்கடியில் வைத்தார். சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம்.

"ஆட்டோகிளேவ் கிருமியக் கொல்லும். முந்தின குழாயில இருந்து வந்த இந்தக் கசட வெளியேத்தாது. இது உள்ள போனா கண்ணு வீங்கிரும். பார்வையே போனாலும் போயிரும்."

தீபலட்சுமி ஆபரேஷன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று அவள் கழுவி அடுக்கிய எட்டுக் கருவித் தட்டுகளும் உள்ளே தயாராக இருந்தன. அன்றைக்குப் புரை ஆபரேஷனுக்கு முதல் ஆள் சந்தனம்.

சந்தனம், திருச்சுழி பஸ்ஸின் பழைய டிரைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கருவேல முள் குத்தி ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். அவள் நர்ஸிங் படித்த மூன்று வருஷமும், ஸ்டாப்பே இல்லாத காட்டுப் பாதையில் பஸ்ஸை நிறுத்தி அவள் ஓடி வரும்வரை ஹாரன் அடித்த மனிதர். அந்தச் சத்தத்துக்கு நாலு ஊர் தள்ளி வீரசோழனில் தூளிப்பிள்ளை முழித்து அழும்.

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம் ஓடினாள்.

"தப்பு என் மேல சார். எட்டுத் தட்டையும் மறுபடி கழுவணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"கழுவுங்கம்மா. சொன்னீங்களே, அது போதும்."

வெளியே பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த சந்தனத்திடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏத்தா, விடியக்காலம் மொதப் பஸ்ஸுக்கு வந்தவன்டி நானு! இன்னும் மூணு மணி நேரமா?"

"மன்னிச்சிருங்க பெரியப்பா."

"உனக்காக எத்தன நாளு வண்டிய நிப்பாட்டி ஊரு வசவு வாங்கியிருக்கேன். இன்னைக்கு நானே நிக்கேன், போ. அன்னைக்காவது ஹாரன் இருந்துச்சு!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உள்ளே போய் ஒவ்வொரு குழாய்க்கும் புதுத் தண்ணீர் தள்ளினாள். முதல் சிரிஞ்சுத் தண்ணீர் சிங்க்கில் இறங்கியபோது வைகையையே வடியவிட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டாவது தட்டுக்கு வரும்போது கை பழகிவிட்டது. சுமதி மறுபடி சொட்டு விட்டுப் பார்த்தார். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். சந்தனம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவளையே பார்த்தார்.

"என்ன தெரியுது பெரியப்பா?"

"மூக்குத்தி. ஒரு கல்லு விழுந்துபோயி கெடக்கு. பஸ்ஸுல வந்தப்ப ஏழு கல்லும் இருந்துச்சே?"

தீபலட்சுமி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஆறுதான் இருந்தது. வாசலில் ஊருக்குக் கிளம்பி நின்ற சுமதி சிஸ்டரின் இரண்டு கைகளையும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.