மேசன் இராசதுரையின் முப்பத்தோராம் நாள்

1.

இந்தக் கதை என் தங்கையின் பள்ளிக்கூடச் சுவர்ப் பத்திரிகையிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணா, பூமி மாதிரிக் கிரகங்களில உயிர் தேடுற தொலைநோக்கி பற்றி ஒரு பக்கம் சொல்லித் தா. நீ பஸ்ஸில சும்மாதானே போறாய்" என்று தக்ஷாயினி குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

சும்மா போகவில்லை. குளிர்நாடொன்றில் வேலைக்குப் போகிறேன். போனை வாயருகே பிடித்துத் தமிழில் பேசுகிறேன், அது எழுத்தாகிறது. யாராவது திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுகிறேன். ஆகையால் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். எழுதியதை எங்கள் ஊரான சித்தாண்டியில் வீட்டார் சத்தமாக வாசித்துத் திருத்தம் சொல்கிறார்கள்.

முதல் தொடக்கம் இது: "எல்லையற்ற விண்வெளியின் இருளில், தன்னந்தனியே ஒரு"

அம்மா கேட்டாள்: "இதில மனிசர் ஆருடா?"

2.

சரி, மனிசரோடு தொடங்குகிறேன்.

2009 மே மாதம் வன்னியில் யுத்தம் முடிந்தது. அதே மாதத்தில் ஒரு விண்தொலைநோக்கி ஆகாயத்தின் ஒரே மூலையை இமைக்காமல் பார்க்கத் தொடங்கியது. அதன் கண்ணுக்குக் கிரகம் தெரியாது. நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி மங்குகிறதா என்று மட்டும் பார்க்கும். மங்கினால் முன்னால் ஏதோ கடக்கிறது. கிரகமாக இருக்கலாம். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களும் அப்படி ஏமாற்றும்.

(தங்கச்சி, இதை அப்படியே எழுது: அது உயிரைக் காட்டாது. பின்னால் வந்த தொலைநோக்கிகள் சில கிரகங்களின் காற்றில் என்ன வாயு இருக்கிறதென்று தேடுகின்றன. நல்ல அடையாளம் கிடைத்தாலும் "உயிர்" என்று உடனே சொல்லிவிட மாட்டார்கள். உயிரே இல்லாமல் பாறையும் வெயிலும் சேர்ந்து இதைச் செய்திருக்குமா என்று முதலில் கேட்பார்கள்.)

எங்கள் ஊருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

3.

அப்பா இராசதுரை மேசன். சுனாமி அள்ளிப்போன வீடுகளைத் திரும்பக் கட்டுகிற வேலைக்கு வன்னியில் முல்லைத்தீவுக்குப் போனார். 2006இல் யுத்தத்தால் பாதை பூட்டுப்பட்டது. அவர் உள்ளே, அம்மாவும் நானும் வெளியே; தங்கச்சி அப்போது பிறக்கவில்லை. பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை. 2009 ஜூலையில் அகதி முகாமிலிருந்து வந்த ஒருவர், செல் குண்டு விழுந்த இடத்தில் அவர் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நாள் எண்ணினார்கள்.

இந்த இடத்தில் அம்மாவின் பாத்திரம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் செத்ததை நம்பாத ஒருத்தி எப்படிச் சடங்குக்குச் சம்மதித்தாள்? கேட்டேன்.

"நான் நம்பல்லடா. ஆனா செய்யாட்டி அவர்ர ஆத்துமா அலையும் எண்டு ஊரே சொல்லுது. ஒருவேளை அலைஞ்சா பாவந்தானே?"

4.

இனி அவர் பக்கம். (பக்கத்து இருக்கைக்காரி இறங்கட்டும்.)

அவர் இருந்த முகாமிலிருந்து கிழக்கு மாகாணத்தாரை விடத் தொடங்கியிருந்தார்கள். வீட்டு போன் நம்பர் மாறியிருந்ததால் இராசதுரை யாருக்கும் சொல்லாமலே வந்தார். சித்தாண்டிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது, தாடி நெஞ்சைத் தொட்டது. வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பினார்.

வெள்ளைக் கொடி, சாவு வீட்டுக்குக் கட்டுவது. வேலிக்கு வேலி கட்டியிருந்தது. பிரேதம் இல்லாத வீடென்பதால் கொடியை முப்பத்தொன்றான அன்றைக்குத்தான் கட்டியிருந்தார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? கொடி போன வழியே அவர் கண்ணும் போனது. அவருடைய வீட்டு வாசல் படலையில் போய் நின்றது.

மனைவி சுலோஜனாவா? மகனா?

மூன்று வருடம் இந்தப் படலைக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், அதைத் திறக்க மாட்டாமல் சந்திக்குத் திரும்பிப் போய் வாகை மரத்தடியில் குந்தினார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தாராம். தெரியாமல் இருந்தால் இருவரும் உயிரோடுதானே இருப்பார்கள்.

5.

அப்போது ஏறாவூர்த் துணி வியாபாரி அப்துல் கபூர் நாநா, மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்து நிழலுக்கு நின்றார். (அவர் பிறகுதான் வந்தார் என்கிறாள் அம்மா. அப்பா சத்தியம் பண்ணுகிறார். நான் அப்பாவை நம்புகிறேன், கதைக்கு அதுதான் தேவை.)

இராசதுரை தலை நிமிராமலே கேட்டார். "அந்த வீட்டில ஆரு?"

"தெரியாதா? மேசன்ட வீடு. வன்னியில மௌத்தான. இண்டைக்கு முப்பத்தொண்டு." நாநா வேர்வையைத் துடைத்தார். "நல்ல மனிசன். எங்கட மதில் அவர்தான் கட்டின. கொஞ்சம் சாய்வு. என்ன செய்ய, மௌத்தானவரக் குறை சொல்லப்படாது."

இறந்தவர் எழும்பிவிட்டார்.

"சாய்வா? மதில் சாயல்ல நாநா, உங்கட வளவு நிலந்தான் பள்ளத்துக்குச் சாயுது! அத்திவாரத்த இன்னும் ஒரு முழம் தோண்டுவம் எண்டு அண்டைக்கே சொன்னனே! நீங்கதான் அவசரப்பட்ட!"

நாநா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"யா அல்லாஹ். இந்த வாய் மேசன்டதான்."

"அப்ப, கொடி?"

"ஒனக்குத்தான்டா! பொஞ்சாதி, புள்ள எல்லாரும் நல்லாரிக்காங்க. நீ மட்டுந்தான் மௌத்து."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

6.

முடிவுகள்.

அ) அம்மா மயங்கி விழுந்தாள். ("நான் ஏன் மயங்குற? அடுப்பில சோறு கிடந்த.")

ஆ) அவள் ஓடி வந்து அவருடைய

[இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.]

இ) எல்லோரும் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான். அவர் வந்தபோது நடு அறையில் அவருக்கென்று படையல் இலை விரித்திருந்தது. சோறு, கணவாய்க் கறி, முருங்கைக்காய்ப் பால்கறி, இனிப்புக்கு வட்டிலப்பம் என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். செத்தவருக்கு வைத்த இலையில் உயிரோடிருப்பவர் சாப்பிடலாமா என்று பெரியவர்கள் தர்க்கப்பட்டார்கள். காகத்துக்குப் போடு என்றார் ஒருவர். வேறு இலை போடு என்றார் இன்னொருவர். அவருக்கு வைத்தது அவருக்குத்தானே என்றார் கபூர் நாநா.

என்ன நடந்ததென்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் முடித்துவைக்கப் போவதில்லை. அப்பா கையைக் கழுவிவிட்டு வாசலில் நிற்கிறார், நல்ல பசி. எந்த இலையென்று பார்த்து நீங்களே பரிமாறுங்கள்.