வாசல் இல்லாத அறை

மைதானங்களில் கோடு போடுவதுதான் அவளுக்குத் தொழில். கால்பந்துக் களம், ஓட்டப்பந்தயத் தடம், பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று எங்கே வெள்ளைக் கோடு தேவைப்பட்டாலும் சுண்ணாம்புக் கரைசல் நிரம்பிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிற்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் கோட்டக்கா. கணவர் லாரி ஓட்டுபவர், வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதே அதிகம். டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பது அவளுடைய கொழுந்தன்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த வேலை அவளுக்குப் புதுசு. கட்டடத்தின் பின்னால் ஒரு பெரிய பொட்டல். உலகத்தின் பழைய கட்டடங்களை அங்கே உண்மையான அளவில் தரையில் வரைய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து, அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு பெரிய இடத்தில் புழங்கினார்கள் என்று காலால் தெரிந்துகொள்ளலாம். யோசனை அங்கிருந்த பெண் அதிகாரியுடையது. வரைபடங்களையும் அவரே தயாரித்துக் கொடுத்தார்.

முதலில் ஒரு கல்வட்டம். நடுவில் முளை அடித்துக் கயிற்றைச் சுற்றினால் முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. ஒரு பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தது, அதற்குத் தனியாகக் கயிறு பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்தது தூண்கள் நிறைந்த ஒரு கோயில். மூலைத் தூண்கள் மட்டும் பக்கத்துத் தூணோடு ஒட்டினாற்போல் நெருங்கி நின்றன. அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போனவளை அதிகாரி தடுத்தார். கட்டியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களாம். பழைய கட்டடங்களில் தப்பு மாதிரித் தெரிவதெல்லாம் தப்பு இல்லை என்பது அன்றைக்கு அவள் மனதில் பதிந்துபோயிற்று. பதியாமல் இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டாள்.

மூன்றாவது ஒரு ராஜாவின் கல்லறை. நீளமான வெளிச்சுவர், உள்ளே நடைபாதை, அறைக்குள் அறை, கடைசியில் ராஜாவைக் கிடத்திய அறை. அளவுகள் எல்லாம் முழத்தில் இருந்தன. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கீழே குறிப்பு. வெளிச்சுவருக்கு முளை அடித்து, மூலைமட்டம் பார்த்து, கோடு இழுத்தார்கள். பிறகு வாசலிலிருந்து ஒவ்வோர் அறையாக உள்ளே போனார்கள். கடைசி அறையின் பின்சுவர் வெளிச்சுவரைத் தாண்டிக்கொண்டு போய், ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அளவுக்குப் பொட்டலில் நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை பெரிய கல்லறை கட்டியும் ராஜாவின் கால் தெருவில் கிடக்கிறதே என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

மறுபடியும் அளந்தார்கள். அதே அளவு. டேப் இழுபட்டுப்போயிருக்குமோ என்று இரும்புக் கம்பியோடு வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஒருவேளை அந்த நாட்டில் இப்படித்தான் கட்டுவார்களோ, மூலைத் தூண் மாதிரி இதற்கும் ஒரு காரணம் இருக்குமோ என்று தோன்றியது. கல்லால் கட்டிய அறை எப்படிச் சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்கும் என்றும் தோன்றியது. வரைபடத்தில் அறை ஒழுங்காகச் சுவருக்குள்தான் இருந்தது. காகிதத்தில் அடங்கியது தரையில் அடங்கவில்லை.

வேறு வழி தெரியாமல் போனதும் சந்தேகம் கொழுந்தன் மேல் போயிற்று. கொஞ்ச நாளாகவே அவன் சரியாக இல்லை. ஃபோன் அடித்தால் தள்ளிப் போய்ப் பேசுகிறான், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறான்.

“தம்பி, உன் மனசு இங்க இல்ல. முனையை எங்க பிடிச்ச? முளையிலயா, ஒரு சாண் தள்ளியா?”

அவன் முகம் சட்டென்று மாறியது. டேப்பைச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் சாப்பிட வந்தான், தலை நிமிரவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. கணவரிடம் ஃபோனில் சொன்னபோது, சின்ன வயதிலிருந்தே அவன் கோபத்தை முதலில் சோற்றின் மேல்தான் காட்டுவான், சாப்பிடுகிறான் என்றால் பயமில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் தனியாகப் போனாள். டேப்பின் முனையை ஆணியில் மாட்டித் தரையில் அறைந்து, ஒவ்வோர் அளவாக இழுத்துப் பார்த்தாள். ராஜாவின் அறை அதே இடத்தில், விரல்கடை பிசகாமல் வெளியே நின்றது. ஆணிக்கு ஃபோன் வருவதில்லை, மனசும் அலைவதில்லை. ஆக, கொழுந்தன் மேல் தப்பில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தலை சுற்றியது. தப்பு யார் மேலும் இல்லையென்றால் இது எங்கிருந்து வந்தது? அநியாயமாக ஒருவனைத் திட்டியும் ஆயிற்று.

அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினியில் படத்தைத் திறந்து காட்டினார், பொருந்தியது. அவளோடு வெயிலில் இறங்கி வந்து பார்த்தார், பொருந்தவில்லை. ராஜாவின் அறைக்குள் போய், வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தான் இப்போது உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரியாத மாதிரி விழித்தார். அவளுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இருவரும் அதிகாரியின் அலுவலகத்துக்குத் திரும்பி, படத்துக்கு ஆதாரமான பழைய அறிக்கைகளைப் புரட்டினார்கள். வெளிச்சுவரை அளந்தவர் ஒருவர். பல வருஷம் கழித்து உள்ளறைகளை அளந்தவர் வேறொருவர். அதிகாரி ஒரு பக்கத்தில் விரலை வைத்து, அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“அந்த ஊர்ல ரெண்டு முழம் இருந்திருக்குங்க. சாதாரண முழம் ஒண்ணு, ராஜா வேலைக்குன்னு நாலு விரல் நீளமா ஒண்ணு. வெளிச்சுவர் நீள முழத்துல எழுதியிருக்கு. உள்ள சாதாரண முழம். கணினி அதது கணக்குப்படி வரைஞ்சிருக்கு. நான் ரெண்டுக்கும் ஒரே குறிப்பு போட்டுட்டேன்.”

“அப்ப சுவர்தான் சின்னதாப் போச்சா? நான் ராஜாவோட அறை பெருசுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பொட்டலுக்கு வந்ததும் கொழுந்தனுக்கு ஃபோன் செய்தாள். தப்பு உன் மேல இல்ல தம்பி, ராஜாவோட முழத்து மேல என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தாள், வாயில் வந்தது இவ்வளவுதான்.  வர்றேன் அண்ணி என்றான் அவன்.

பழைய வெளிச்சுவரைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து அழித்தார்கள். நீள முழத்தில் புதிதாக அளந்தார்கள். வாசல் பக்கம் அப்படியே நிற்க, மற்றச் சுவர்கள் விலகிப் போக, ராஜா காலை மடக்காமலே உள்ளே அடங்கினார். எல்லா அறையும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு மூலையில் மட்டும் இன்னோர் அறைக்கு இடம் திறந்தது. படத்தில் அது முதலிலிருந்தே இருந்ததுதான். களேபரத்தில் அவள் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். நாலு சுவர், வாசல் இல்லை.

அதிகாரியைக் கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றார். திருடர்களை ஏமாற்றக் கட்டினார்களா, கட்டியபின் மூடினார்களா, அல்லது கொத்தனார்களே முழத்தில் குழம்பி மிச்சம் விட்டார்களா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். உள்ளது உள்ளபடி வரையச் சொன்னார்.

கொழுந்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்பக்கமாக வரைந்துகொண்டே வந்தான். நாலாவது சுவர் முதல் சுவரோடு சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். சுற்றிலும் ஈரச் சுண்ணாம்பு. வண்டியோடு நடுவில் நின்றான்.

“அண்ணி, எப்படி வெளிய வர்றது?”

“காயட்டும். அதுவரைக்கும் ராஜா வீட்டு விருந்தாளியா இரு.”

அவன் வண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டான். அவள் சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். வண்டியை விட்டுவிட்டு ஓர் எட்டு எடுத்து வைத்தால் தாண்டிவிடலாம், வெறும் கோடுதான். ஏனோ இருவருக்கும் அது தோன்றவில்லை.

“எனக்கு வேற ஊர்ல ஸ்டேடியத்துல வேலை கெடச்சிருக்கு அண்ணி,” என்றான் திடீரென்று. “நாள் ஆச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னைக்கு நீங்க மனசு இங்க இல்லன்னு சொன்னதும், தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதான் போயிட்டேன்.”

 அன்றைக்குத் தான் சொன்னது பொய் என்றுதானே இத்தனை நேரம் வருந்திக்கொண்டிருந்தாள்? டேப் விஷயத்தில் அவள் சொன்னது தப்பு. மனசு விஷயத்தில் சரி. இதற்கு மன்னிப்புக் கேட்பதா, கோபப்படுவதா?

“முனையைச் சரியாத்தான் பிடிச்சிருந்த,” என்றாள் கடைசியில்.

“கை பிடிச்சுது அண்ணி. மனசு இல்லதான்.”

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“உங்ககிட்ட சொல்லிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பு பட்ட கையால் துடைத்ததும் அது எரிய ஆரம்பித்தது. அவன் பதறிப்போய், காயாத சுவரை மிதித்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினான். மிதிபட்ட இடத்தைப் பிறகு இருவருமாகச் சரிசெய்தார்கள்.

திறப்பு நாளில் கூட்டம் வந்தது. வழக்கமாகக் கோட்டைத் தாண்டிக் குதிக்கிற ஜனம் அன்றைக்கு வாசல் தேடித் தேடி நடந்தது. மூலை அறைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி வந்தார்கள், மறுபடியும் சுற்றினார்கள். வாசல் போட மறந்துவிட்டீர்களா என்று ஒருவர் அவளிடமே கேட்டார். மறக்கவில்லை என்றாள். பின்னே ஏன் என்று கேட்டதற்கு, கட்டினவங்களைத்தான் கேக்கணும் என்றாள்.

கொழுந்தன் அடுத்த வாரம் கிளம்பினான். இப்போது முனையைப் பிடிக்கத் தெருவில் இருக்கும் தையல்காரம்மா வருகிறார். அளவை அங்குலத்தில் சொல்கிறார், அதை மாற்றி எழுதுவதற்குள் கோட்டக்காவுக்கு விழி பிதுங்குகிறது. நடுநடுவே கொழுந்தன் ஃபோன் செய்வான். அங்கே புல்தரை, சுண்ணாம்பு கிடையாது, பெயிண்ட்தான், முதல் நாளே செருப்பு ஒட்டிக்கொண்டது என்றான். அவள் சிரித்துவிட்டு, சாப்பாடு எப்படி என்று விசாரித்தாள்.