ஏழாவது பத்தி

வக்கீல் கிருபைராஜ் தட்டச்சு செய்த தாள்களை என் பக்கமாகத் தள்ளி, ஏழாவது பத்தியில் விரலை வைத்தார். 'மனுதாரர் தமது மனைவி சொர்ணாம்பாள் கந்த சஷ்டி விரதம் இருக்கப்போவதையும், அந்நாட்களில் சர்க்கரை மாத்திரை கொடுக்கக்கூடாது என்பதையும்' என்று ஆரம்பித்து, தேதிக்கும் ஆள் பெயருக்கும் புள்ளி வைத்து இடம் விட்டு, 'அவரிடம் தெரிவித்திருந்தார்' என்று முடிந்திருந்தது. மனுதாரர் என்பது நான்தான். முப்பத்தொரு வருடம் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் அடுத்தவர்கள் மனுவைப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதியவன்.

"தேதி மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த நர்ஸ் பிள்ள பேரு சந்தனமாரிதான, அத நான் போட்டுக்கிடுதேன்."

கீழ ரத வீதியில் ஜவுளிக்கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். என்ன பேசினாலும் கீழே டவுண் பஸ்ஸின் ஹாரன் குறுக்கே வந்து விழும். அது ஓயட்டும் என்பதுபோல ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து நேரம் கடத்தினேன். முதல் தடவை வந்தபோதே அவர் எல்லா வழிகளையும் சொல்லியிருந்தார். போலீசுக்குப் போகலாம், ஆனால் டாக்டர்கள் பார்த்து அசட்டைதான் என்று எழுதிக் கொடுக்காமல் அவர்கள் நகரமாட்டார்கள். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதலாம், அந்தப் பெண்ணின் பதிவு போகும், சொர்ணாம்பாளை வைத்திருந்த முதியோர் இல்லத்துக்காரன் கையைத் துடைத்துக்கொள்வான். சமூக நலத்துறையில் மனுக் கொடுத்தால் இல்லத்தின் உரிமத்தைத் தோண்டுவார்கள். எல்லாவற்றிலும் உருப்படியானது கன்ஸ்யூமர் கோர்ட், ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார். போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லையே என்று கேட்டதற்கு, சர்க்கரை இருபத்தாறுக்கு இறங்கிக் கிடந்தது என்று ஆஸ்பத்திரித் தாளே பேசும் என்றார்.

"நான் சொல்லலன்னு வச்சுக்கிடுவோம். அப்ப என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அப்பவும் கேஸ் நிக்கும். சாப்பிட்டாவளான்னு பாக்காம மாத்திரையக் குடுத்தது தப்புதான. ஆனா கட்டின புருசனே சொல்லல, எங்களுக்கு என்ன சோசியமா தெரியும்னு இல்லத்துக்காரன் வக்கீல் கேப்பான். அதுக்குப் பெறகு பாதி பழி உங்க தலையில." அவர் சிரித்தார். "நீங்க சொல்லாம இருப்பியளா? நீங்க குடுத்த சீட்டே ஒரு கட்டு இருக்கு. இதுக்கு மட்டும் சீட்டு இல்ல, வாயால சொல்லியிருப்பிய. அவ்வளவுதான."

பார்த்துச் சொல்கிறேன் என்று தாள்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

சீட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரி. சொர்ணாம்பாளுக்கு நடுக்குவாதம் வந்து, அவளைத் தூக்கி உட்கார வைக்கப்போய் எனக்குக் குடல் இறங்கி, ரெண்டு பேரில் யார் யாருக்கு நோயாளி என்றே தெரியாமல் போனபோதுதான் சேரன்மகாதேவி போகிற வழியில் வயலுக்கு நடுவே இருந்த அந்த இல்லத்தில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் போவேன். போகும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போவேன். வலது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கவும். தோசை வேண்டாம், இட்லி போதும். தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டவும். கீழே கையெழுத்து, தேதி. சந்தனமாரி அதை வாங்கி மருந்து அலமாரியின் கதவில் ஒட்டிவைப்பாள். அலுவலகத்தில் என் குறிப்புகளுக்கு இவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

சஷ்டி ஆரம்பிப்பதற்கு முந்தின நாளும் போயிருந்தேன். சொர்ணாம்பாளின் குரல் அதற்குள் உள்ளே இறங்கிப்போயிருந்தது. வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். "நாளைலருந்து விரதம். சுகர் மாத்திரை வேண்டாம்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லிருங்க" என்றாள். நாற்பத்து நாலு வருடமாக ஒரு சஷ்டி விட்டதில்லை. வீட்டில் இருந்தவரை அந்த ஆறு நாளும் சர்க்கரை மாத்திரையை எடுத்து ஒளித்து வைப்பது என் வேலை. எனக்குக் கோபம் வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவளுக்கு என்ன விரதம்? சொல்லாமல் விட்டால் காலையில் வழக்கம்போல இட்லித் தட்டு வரும், பசியில் ரெண்டு இட்லியாவது தின்பாள் என்று கணக்குப் போட்டேன். "சொல்லுதேன்" என்றேன். சொல்லவில்லை. வாசலில் சந்தனமாரி எதிரே வந்தபோதுகூட, மழை வரும்போல இருக்கே என்றுதான் சொன்னேன்.

மறுநாள் மூன்று மணிக்கு இல்லத்திலிருந்து போன் வந்தது. வியர்த்து நனைந்து கிடந்தாளாம். விரதக்காரி தூங்குகிறாள் என்று நினைக்க அங்கே யாருக்கும் அவள் விரதம் என்றே தெரியாது. வெறுமனே தூங்குகிறாள் என்று விட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள், கண் திறக்காமலே போய்விட்டாள். இல்லத்துப் பதிவேட்டில் அன்றைய காலைச் சாப்பாட்டுக்கு நேரே 'சாப்பிட்டார்' என்று டிக் அடித்திருந்தது. வரிசையாக எல்லோருக்கும் ஒரே இழுப்பில் அடித்த டிக். தட்டு தொடாமலே திரும்பிப் போயிருக்கிறது.

கனடாவிலிருந்து மகன் குமரகுருபரன் ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தினான். "நீங்க சொன்ன பெறகும் குடுத்திருக்கான்னா அது கொலைப்பா. விடக்கூடாது." நான் ம் என்றேன். அந்த ஒரு எழுத்தில் என் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. எட்டு மாதமாக இந்த வீட்டில் என் குரல் இதற்கு மேல் நீளமாகக் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கை தானாகச் சட்டையை மாட்டிக்கொள்கிறது. பஸ் நிறுத்தம்வரை போய், சேரன்மகாதேவி வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்வதற்குச் சரியான ஆள் சந்தனமாரி ஒருத்திதான், அவள் முன்னால் போய் நிற்கத்தான் எனக்கு முகமில்லை.

தச்சநல்லூரில் அவள் அம்மா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். மத்தியானம் மூன்று மணி. நடையில் உட்கார்ந்து, மடியில் முறம்போன்ற சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் சந்தனமாரி. இல்லத்தில் அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும், இலையும் தூளுமாக இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று தெரியாது. என்னைக் கண்டதும் சொளவைப் பைய இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். வக்கீல் ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்ததாகச் சொன்னாள்.

"நான் எழுதியே வச்சிருக்கேன் ஐயா" என்று உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். கோடு போட்ட நோட்டுத்தாள். கீழே கையெழுத்து, தேதி, என் சீட்டுகளில் இருப்பதுபோலவே. முதல் வரியைப் படித்தேன். 'விரதம் என்றும் சுகர் மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றும் ஐயா முந்தின நாளே என்னிடம் சொன்னார்கள். நான்தான் மறந்துவிட்டேன்.' அடுத்தாற்போல, பார்க்காமல் டிக் அடித்ததையும் எழுதியிருந்தாள். ஏழாவது பத்தி அப்படியே கைக்கு வந்துவிட்டது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவே நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நான் சொல்லலம்மா" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மனசு ஆறாமப் பேசுதிய. நீங்க சொல்லாம இருப்பியளா."

"சொல்லல. சொன்னா நீ சாப்பாட்ட நிறுத்திருவேன்னு சொல்லல. அவகிட்ட மட்டும் சொல்லுதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் விரலில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஆச்சி என்கிட்ட கேட்டாவ ஐயா" என்றாள். "மாத்திரைய வாயில போடும்போது கையப் பிடிச்சிக்கிட்டு, ஐயா சொன்னாவளான்னு கேட்டாவ. அங்கன இன்னும் பதினாலு பேருக்குக் குடுக்கணும். என்னத்தன்னு நான் கேக்கல. நீங்கதான் எதுன்னாலும் சொல்லிருவியளே. ஆமா ஆச்சி, சொன்னாவன்னேன். பெறகுதான் வாயத் தொறந்தாவ."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் சொல்லியிருப்பேன், அதில் சர்க்கரை மாத்திரை இருக்காது என்ற நம்பிக்கையில்தான் சொர்ணாம்பாள் விழுங்கியிருக்கிறாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அடுத்தவர் முன்னால் அழுதேன். சந்தனமாரி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கினாள். சொளவைத் திருப்பிக் கவிழ்த்து அதன்மேல் தாளை விரித்தாள். பீடிக்கட்டு எண்ணி எழுதுகிற பேனாவை எடுத்து, முதல் வரியின் ஆரம்பத்தில் வைத்தாள்.

"இந்த வரிய அடிச்சிரவா ஐயா?"

பேனா முனை நின்ற இடத்தில் மை ஊறி ஒரு பொட்டாகப் பெருகிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.