படித்துக் காட்டியவர்

குளிப்பாட்ட உடம்பைப் புரட்டியதும் தண்ணீர் ஊற்றிய கை நின்றது. காத்தாயியின் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் அரித்து உள்ளங்கை அகலத்துக்குச் சதை இல்லை. சேலையை மறைப்பாகப் பிடித்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் மலர்க்கொடி திருப்பவில்லை. திருச்சியில் வேலை, கடைசியாக ஊருக்கு வந்து எட்டு மாதம். லீவு இல்லை என்பது பாதி நிஜம்.

ஈரக்கையோடு அண்ணனிடம் போனாள்.

"மாட்டுக்கொட்டாயிலயா போட்டு வச்சிருந்த?"

வீரமுத்து பாடைக்கு மூங்கில் பிளப்பதைப் பார்த்தபடி சொன்னான்: "உள்ள நாத்தம் தாங்கல. எம் பொண்டாட்டி எத்தன நாளு அள்ளுவா?"

"வூட்டயும் ரெண்டு காணி கொல்லயும் எதுக்கு எழுதி வாங்கின?"

"எழுதிக் குடுத்தது அம்மா. படிச்சுக் காட்டினது நீ. கஞ்சி ஊத்தணும், கூட வச்சுக்கணும்னு அதுல எந்த வரியில இருக்கு? காட்டு. பி.ஏ. படிச்சவதான?"



எண்பதாம் வருடம், பத்திர ஆபீஸ் வாசல். கட்டைவிரலில் மையோடு அம்மா கேட்டாள்: "நான் சாவுற மட்டும் சோறு, துணின்னு எழுதியிருக்கா பாப்பா?"

எழுதியிருக்கவில்லை. முன்பே மலர்க்கொடி எழுத்தரிடம் கேட்டிருந்தாள். "பெத்த புள்ளைக்கு எழுதுறதுல கண்டிசன் எதுக்கும்மா?" என்று அவர் சிரித்தார். மாற்றி எழுத இன்னொரு நாள் வர வேண்டும். இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் காலேஜ் பரீட்சை எழுத முடியாது.

"இருக்கும்மா" என்றாள். படித்துக் காட்டியவர் என்ற இடத்தில் கையெழுத்தைச் சுழித்துப் போட்டாள். பஸ்ஸில் அம்மாவின் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. இன்னும் இறங்கவில்லை.

இப்போது அம்மாவின் தங்கை உண்ணாமலை அவளைச் சுவரோரம் இழுத்தாள்.

"கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனப்பகூட உங்கம்மா சத்தம் போடல தெரியுமா. 'காயிதத்துல இருக்கு, எம் பொண்ணு படிச்சா, அவ வந்து கேப்பா'ன்னா. தெனமும் அதேதான்."

சின்னம்மா இடுப்பிலிருந்து நாலாய் மடித்த பத்திரத் தாளை எடுத்தாள்.

"எம் மவன் ராசாங்கம் குடுத்தான். வெள்ளிக்கெழம கைநாட்டு வைக்கணுமாம். எழவு வூட்டுல கேக்கக்கூடாதுதான். நீ நாளைக்குப் போயிருவ. எனக்கு வேற யாரு படிச்சுச் சொல்லுவா?"

வாசலில் பாடை தயாராகிவிட்டது. "தூக்கலாமா? பொம்பளைங்க வாய்க்கரிசி போடுங்க" என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள். வீரமுத்து திரும்பிப் பார்த்தான்.

மலர்க்கொடி சின்னம்மாவை உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தாளின் தலையில் அச்சடித்திருந்த எண் மேல் விரலை வைத்தாள். அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.